தூக்காத கை

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டிராம் ஓட்டும் ரோஸ்வித்தாவுக்கு நாற்பத்தாறு வயது. அதில் பதினோரு வருடத்தை நீள்வாள் சண்டைப் பயிற்சிக்கே கொடுத்துவிட்டாள். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய வாள்வித்தை ஏடுகளின் நகலை, கடைசி நிறுத்தத்தில் டிராம் நிற்கிற பத்து நிமிடத்தில்கூடப் படிப்பாள். அவள் பயிலும் வாள் சங்கத்தில் யாருடைய பஞ்சு அடைத்த காப்புச் சட்டை கிழிந்தாலும் தைத்துக் கொடுப்பது அவள். இரும்புக் கையுறைகளுக்கு எண்ணெய் போடுவதும் அவள்.

ரீக்கே சங்கத்தில் சேர்ந்து இரண்டே வருடம். பல் மருத்துவம் படிக்கிற சின்னப் பெண். ரோஸ்வித்தாவுக்கு மூன்று வருடம் பிடித்த வெட்டு அவளுக்கு ஒரே குளிர்காலத்தில் கைவந்தது.

"அவ மணிக்கட்டைப் பாருங்கப்பா! வெண்ணெய் மாதிரி!" என்பார் பயிற்சியாளர் எக்கார்ட். ரோஸ்வித்தாவின் மணிக்கட்டைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ரோஸ்வித்தாவுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண்ணின் கிழிந்த சட்டையைத் தைக்கும்போது வேண்டுமென்றே கோணல் தையல் போட்டாள்.

இலையுதிர்காலப் போட்டிக்குச் சங்கத்திலிருந்து ஒருவர்தான் போகலாம். அந்த இடத்துக்கு இவர்கள் இருவரும் மோதினார்கள். முதலில் ஐந்து அடி அடித்தவருக்கு வெற்றி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தன் மேல் பட்ட அடியை நடுவர் பார்க்காவிட்டாலும், பட்டவரே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றுக்கு மூன்று இருந்தபோது ரீக்கேயின் மழுங்கிய வாள்நுனி ரோஸ்வித்தாவின் முன்கையில் சுரீரென்று இறங்கியது. நடுவர் ஒருவருக்கும் தெரியவில்லை. ரோஸ்வித்தா கையைத் தூக்கவில்லை. அடுத்த அடியை அவளே அடித்தாள். அதற்கடுத்தது ரீக்கேயுடையது. நாலுக்கு நாலு.

கடைசியில் இரண்டு வாளும் ஒன்றாகப் பாய்ந்தன. நடுவர்கள் ரீக்கேயின் பக்கம் கொடியைத் தூக்கினார்கள். ரீக்கேயோ தன் கையைத் தூக்கினாள்.

"இல்லைங்க, அவங்க அடிதான் முதல்ல பட்டுச்சு. என் தோள்ல."

கூடமே கைதட்டியது. எக்கார்ட் பலகையில் ரோஸ்வித்தாவின் பெயரை எழுதினார். ஆனால் எல்லோரும் போய்த் தட்டிக்கொடுத்தது ரீக்கேயைத்தான். "இப்படி ஒரு பொண்ணா!" என்று வியந்தார்கள்.

ரீக்கே பனிக்கட்டிப் பையோடு ரோஸ்வித்தாவிடம் வந்தாள். "முன்கையில வைங்க. நல்லா வீங்கியிருக்கும்."

அந்த அடி பட்டது ரீக்கேவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அப்போது வாயைத் திறக்கவில்லை.

ரோஸ்வித்தாவுக்கு வெட்கம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. வெட்டில் முந்தினாள், சரி. நேர்மைக்கும் இவளுக்குத்தான் கைதட்டலா? பனிக்கட்டிப் பையைக் கீழே வைத்துவிட்டு, வீங்கிய கையை உயரத் தூக்கினாள்.

"சண்டைதான் முடிஞ்சிருச்சேம்மா, இப்ப எதுக்குக் கை?" என்றார் எக்கார்ட்.

"மூணுக்கு மூணுல என் மேல ஒண்ணு பட்டுச்சு. நான் சொல்லல."

யாரும் கைதட்டவில்லை. எக்கார்ட் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார்; அந்த அடியையும் சேர்த்தால், கடைசிப் பாய்ச்சலுக்கு முன்பே ரீக்கே ஐந்தைத் தொட்டிருந்தாள். பிறகு பலகையைத் துடைத்துவிட்டு ரீக்கேயின் பெயரை எழுதினார்.