எந்த அதிகாரம், எத்தனாவது வசனம்?

எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. அன்றும் இருக்கவில்லை. கருங்கல் ஊர்ச் சந்தையைத் தாண்டி, சாலையை ஒட்டி இருக்கிறது என் தையல் அறை. அம்மா தந்த இடம், பட்டா என் பேரில். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது. ஒரு நாள் காலையில் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி, ஆளை விட்டு என் பக்கச் சுவரில் சிவப்புக் கோடு போட வைத்தார். கோடு தையல் மெஷினுக்கும் பின்னால் விழுந்தது. முக்கால் அறை சாலைக்குள் போய்விட்டது.

“சாமானெல்லாம் மாத்திருங்கம்மா. நாளைக்கு ஜேசிபி வரும்” என்றார்.

அந்த அறை போனால் என் பிழைப்பு போயிற்று.

“நான் ஒரு பிளவுசுக்கே அளவெடுக்காம கத்திரி வைக்க மாட்டேன் சார். நீங்க வந்து நின்ன உடனே என் கடையை வெட்டிருவீங்களோ? இது ஆரு சொன்னதாக்கும்?”

“மேலிடத்து உத்தரவு. எங்களுக்கு அதிகாரம் இருக்கு.”

சத்தம் கேட்டு, முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த வாரியலும் கையுமாக வந்து நின்றார் பக்கத்து வீட்டு அக்கா. சர்ச்சில் ஞாயிறு பள்ளி டீச்சர். பிள்ளைகளை வேத வசனம் ஒப்பிக்க வைத்தே பாதி ஆயுசு போன ஆள். அதிகாரம் என்றால் அவருக்கு வேதத்தில் உள்ள அதிகாரம்தான், வேறு அர்த்தம் சட்டென்று ஓடாது.

“எந்த அதிகாரம் சார்? எத்தனாவது வசனம்?” என்று கேட்டார்.

கிண்டல் இல்லை, பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. ஆனால் அதிகாரியின் முகம் மாறிவிட்டது. பையைத் திறந்தார், மூடினார். “ஆர்டர் ஆபீசுல இருக்கு” என்றார்.

“அப்பம் எடுத்துட்டு வாருங்க. வாசிச்சுப் பாப்போம்” என்றார் அக்கா. அதிகாரி சற்றுத் தள்ளிப் போய் யாரிடமோ போனில் பேசினார். பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “ஏட்டி, எதுக்குச் சிரிக்க? நான் தப்பாவா கேட்டுட்டேன்?” என்றார் அக்கா.

சாயங்காலம் ஒரு வக்கீல் பெண் கறுப்புக் கவுன் தைக்கத் துணியோடு வந்தாள். “நாளைக்குக் கடை இருக்குமோ என்னவோ, துணியைக் கொண்டு போயிரு மக்கா” என்று நடந்ததைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அந்த அக்கா சரியாத்தான் கேட்டிருக்காங்க. அரசியல் சட்டத்துல முந்நூறு-ஏ என்கிற பிரிவு ஒண்ணு உண்டு. சட்டத்துக்க அதிகாரம் இல்லாம ஒருத்தரோட சொத்தையும் எடுக்கப்படாது. அந்த ஆபீசரும் எடுக்க முடியாது, மந்திரியும் எடுக்க முடியாது.” துணியை மேசையிலேயே வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து எனக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தாள்.

மந்திரிகள் பதவியேற்கும்போது டிவியில் அந்தச் சட்டத்தின் பேரைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது என் மெஷினுக்கும் காவல் நிற்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மனசுக்குப் பெரிய தெம்பாக இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் மெஷினை விட்டு நகரவில்லை. ஜேசிபி வரவில்லை. மத்தியானம் மனுவைக் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து அதே அதிகாரி நோட்டீசோடு வந்தார். அக்கா வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே, “இந்தாங்க, அதிகாரம், வசனம் எல்லாம் இருக்கு” என்றார். இருந்தது. எந்தச் சட்டம், எவ்வளவு இடம், ஆட்சேபம் சொல்ல எத்தனை நாள் என்று எல்லாம் அச்சில் இருந்தது. சொன்னேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிக் கேட்டார்கள். என் முன்னால் வைத்து மறுபடி அளக்க வேண்டும் என்று நின்றேன்.

அளக்க வந்த அன்று அதிகாரி டேப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். “நீங்களே பிடிங்கம்மா.”

பிடித்தேன். டேப் பிடிக்க எனக்கா தெரியாது. கோடு வாசல்படியோடு நின்றது. படியும் முன்னால் போட்டிருந்த தகரமும் போகும், அதற்கு நஷ்டஈடும் உண்டு என்றார்கள். கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் போனதும் உள்ளே வந்து, மேசையில் அன்று முதல் கிடந்த கறுப்புத் துணியை விரித்து, கத்திரி வைத்தேன்.