முனீஸ் வெளியே நின்று கேட்ட கச்சேரி

இரண்டு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பாட்டுக் குழு சிங்கப்பூரில் கச்சேரி நடத்தியிருக்கிறது. போய்விட்டு வந்த ரசிகர்கள் இணையத்தில் வரிசை கட்டி எழுதுகிறார்கள். நான் சென்னையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் ‘மெய் சிலிர்த்தது’ என்கிறார். இன்னொருவருக்கு லைட்டிங் வேற லெவல். ஒரு பெண் கழிப்பறை வரிசையைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறாள், பாவம், என்ன அவசரமோ. ஒன்று விடாமல் படித்துவிட்டேன். நான் தேடியது மட்டும் கிடைக்கவில்லை. கச்சேரி தொடங்கும்போது விளக்கெல்லாம் அணைந்து, இருட்டில் ஒரே ஒரு அடி விழும். நெஞ்சுக்குள் விழுகிற அடி. அதைப் பற்றி ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. இதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து அணைந்திருந்தது.

குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டு, ‘இதுக்கா இந்தப் பாடு’ என்று என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள். இரண்டு வெள்ளைக்காரர்கள், நாலைந்து மின்னணுப் பெட்டிகள், அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பாட மாட்டார்கள். நாங்கள் அவர்களுக்கு வைத்த பெயர் கரண்டுக்காரர்கள். நாங்கள் என்றால் மூன்று பேர். சிவகாசியில் அப்படி ஒரு குழுவுக்கு மூன்று ரசிகர்கள் தேறியதே பெரிய காரியம்.

தீய்ந்த பால் வாடையிலிருந்து அச்சு மை வாடைக்கு எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள், என் புத்தி அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்பு, விருதுநகரிலிருந்து தினமும் பஸ் பிடித்து, திருத்தங்கல் தாண்டும்போது தலையைச் சீவி முடித்து, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைன் பிரிவில் வேலை பார்த்தேன். காலண்டரும் பட்டாசு லேபிளும்தான் வேலை. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியே வந்தாக வேண்டும். அதுவரை யாருக்கும் சோறு தண்ணி இறங்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கரண்டுக்காரர்களின் மேடையில் வரும் பச்சை ஒளிக்கோடுகளை நினைத்து ஒரு மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் போட்டேன். ஆர்டர் கொடுத்த பார்ட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, கொடியில துணி காயப் போட்ட மாதிரி இருக்கு? பேசாம ஒரு கொழந்தை படத்தப் போட்டு விடுங்க” என்றார். என் கலை வாழ்க்கை அத்தோடு சரி.

மிஷின் ஹாலில் நாலு கலர் மிஷின் ஓட்டியவன் முனீஸ். என்னைவிட ஒரு வயது சின்னவன். அவனுக்கு இந்தப் பைத்தியம் என் மூலமாகப் பிடிக்கவில்லை. மிஷின் மூலமாகப் பிடித்தது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மிஷின் ஓடினால் கரண்டுக்காரர்களின் ஒரு பாட்டுக்கு அது சரியாகத் தாளம் போடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டான். அதிலிருந்து எந்த லோடு வந்தாலும் அந்த வேகம்தான். காகிதம் மெலிசோ கனமோ அவனுக்குக் கவலை இல்லை. மூன்றாவது ஆள் ரத்தினம், முதலாளியின் மகன். ஹாலில் அவரைச் சின்ன முதலாளி என்போம். டீக்கடையில் அவர் எங்களுக்குக் கூட்டாளி. அவருடைய அப்பா ஒருநாள் நாங்கள் வைத்திருந்த பாட்டைக் கேட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார். “ஏலே, எந்த மோட்டார்லலே பேரிங் போச்சு?” என்றார். பாட்டு என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை. மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டோம். வந்தவர் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, நல்ல மோட்டாருக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். பத்தாயிரம் வாலாவைத் தலைமாட்டில் கொளுத்தினாலும் புரண்டு படுத்துத் தூங்குவோம். ஆனால், சாதாரண நாளில், ஒரே ஒரு அடி ‘தும்’ என்று கேட்டு, சன்னல் கதவு லேசாக அதிர்ந்தால், கையில் இருப்பது அப்படியே நிற்கும். தராசில் போட்ட கத்தரிக்காய் தராசிலேயே கிடக்கும். எல்லோரும் வெளியே வந்து வானத்தைப் பார்ப்போம், புகை எந்தப் பக்கம் எழுகிறது என்று. அப்புறம் போன். எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் யாருக்கு லைன் கிடைக்கும்? பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் உள்ளே இருப்பவர்கள் எடுக்கவும் முடியாது. எடுக்க முடியாது என்று தெரிந்தே அடிப்போம். கடைசியில் யாராவது, “கல்லுக் குவாரி வெடிப்பா” என்று சேதி கொண்டு வருவார்கள். கத்தரிக்காயை மறுபடியும் நிறுப்பார்கள். எல்லா நாளும் குவாரியாக இருந்துவிடாது.

முனீஸின் அப்பா அப்படி ஒரு அடியில்தான் போனார். ஆலையில் வெடிமருந்து கலக்கிற அறையில் இருந்தார். முனீஸ் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான், வகுப்பில் கேட்டான். அதற்குப் பிறகும் அவன் அம்மா பேச்சியம்மா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். வேறு என்ன சோலி இருக்கிறது? முனீஸ் தலையெடுத்த பிறகு, “நீ வீட்டுல இரும்மா” என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். “வீட்டுல ஒக்காந்து செவத்தயா பாக்கச் சொல்லுத?” என்பார் அவர்.

ஒருநாள் டீக்கடையில் அவனிடம் விளையாட்டாகக் கேட்டேன், ஊரே பாட்டுக் கேட்கும்போது உனக்கு ஏன்டா இந்த இடி முழக்கம் என்று. அவன் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை.

“அக்கா, நம்மூரு அடி ஒண்ணோட நின்னு போகும். அடுத்து என்னன்னு தெரியாது. இதுல ஒண்ணு விழுந்தா அடுத்தது எப்ப விழும்னு கணக்கா தெரியுது பாருங்க. அதுல ஒரு நிம்மதி.”

சாத்தூர்ச் சேவு வாய்க்குள் அப்படியே நின்றுவிட்டது எனக்கு. ரத்தினம் பேச்சை மாற்றி இன்னொரு டீ சொன்னார்.

கம்பெனிக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு பழைய மிஷின் வாங்க ஏற்பாடானது. பிரித்துக் கப்பலில் ஏற்றும் முன் ஓட்டிப் பார்க்க ஓர் ஆள் போக வேண்டும். முனீஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே வாரம் அங்கே கரண்டுக்காரர்களின் கச்சேரி. கேட்டீர்களா அதிர்ஷ்டத்தை! ரத்தினம் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டார். எங்களுக்கெல்லாம் இந்தச் சங்கீதம் காதுக்குள் செருகிய ரப்பர் வழியாக வந்ததுதான். உடம்பால் கேட்டவர்கள் யாருமில்லை. மூன்று பேருக்குமாக முனீஸ் கேட்டு வர வேண்டும், ஒவ்வொரு பாட்டுக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் குரல்செய்தி போட வேண்டும் என்று ஒப்பந்தம். அவனுக்கு அதைத் தாண்டியும் ஒன்று இருந்தது. கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில் சொன்னான்: “அம்புட்டுப் பெரிய சத்தத்துக்கு நடுவுல பயப்படாம நின்னுட்டேன்னு வைங்க, அப்புறம் எனக்கு எதுவும் இல்லக்கா.” அதற்காகத்தான் போனான். எனக்கும் ரத்தினத்துக்கும் அது தெரியும்.

அங்கே இரவு என்றால் இங்கே சாயங்காலம். அச்சகத்து மொட்டை மாடியில் நானும் ரத்தினமும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்திருந்தோம் என்பது பொய், நான் நடந்துகொண்டே இருந்தேன். முதல் செய்தி வந்தது. “அக்கா, உள்ள வந்துட்டேன். எல்லாரும் கறுப்புச் சட்ட. நான் மட்டும் வெள்ளச் சட்டயில கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கேன்.” அடுத்தது: “புக விடுதாங்க அண்ணாச்சி. ஆனா நம்ம புக இல்ல. மணமே இல்லாத புக. பக்கத்துல ஒருத்தன் இருமுதான். எனக்கு ஒண்ணுமே செய்யல.” இரண்டு பேரும் சிரித்தோம். மூன்றாவதில் பேச்சே இல்லை, கூட்டத்தின் கூச்சல் மட்டும். “லைட்ட அமத்திட்டாங்க” என்று கடைசியில் ஒரு வரி.

பிறகு ஒன்றும் வரவில்லை. பாட்டில் மெய்மறந்துவிட்டான் என்று நினைத்தோம். ரத்தினத்துக்குப் பொறாமையே வந்துவிட்டது.

போன் அடித்தது. குரல்செய்தி இல்லை, அழைப்பு. எடுத்ததும், “அக்கா, சத்தம் கேட்டுச்சா?” என்றான்.

“எந்தச் சத்தம்டா? நீதான கச்சேரியில இருக்க?”

“நம்மூர்லக்கா. அம்மா போன் எடுக்க மாட்டேங்குறா.”

பின்னால் கார்கள் போகிற சத்தம். ஆள் வெளியே நிற்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த ஒற்றை அடி விழுந்திருக்கிறது. அடுத்த அடி வரவில்லை. வேண்டுமென்றே கூட்டத்தை ஏங்க வைக்கிற இடைவெளி அது. எங்கள் காதுக்குப் பழகிய பதிவுகளில் அது கிடையாது. ஆயிரக்கணக்கான பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே ஓடி வந்து, சிங்கப்பூர் வானத்தில் புகையைத் தேடியிருக்கிறான்.

“ஏலே, அங்கன அடிச்சது இங்கன எப்பிடிலே கேக்கும்?” என்று ரத்தினம் போனைப் பிடுங்கிக் கத்தினார்.

“எனக்குத் தெரியுது அண்ணாச்சி. எல்லாம் தெரியுது. அம்மா எங்கன்னு மட்டும் பாருங்க.”

வாதாடிப் பயனில்லை. ரத்தினத்தின் பைக்கில் ஏறினேன். முதலாளி மகன் பின்னால் டிசைன் பிரிவுப் பெண் என்று மறுநாள் ஊரில் ஒரு கதை ஓடியது, அது வேறு விஷயம். ஆலை வாசல் பூட்டியிருந்தது. “அம்புட்டுப் பேரும் வேன்ல போயாச்சே” என்றார் வாட்ச்மேன். வீட்டுக்குப் போனோம். அதுவும் பூட்டியிருந்தது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை, எங்கும் புகை இல்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பூட்டைப் பார்த்ததும் நானும் மறுபடி வானத்தைப் பார்த்தேன். பயம் என்ன சிங்கப்பூரில் நிற்கிறவனுக்கு மட்டுமா?

பேச்சியம்மா தெருமுனைக் குழாயில் இருந்தார். ரொம்ப நாள் கழித்துத் தண்ணீர் விட்டிருந்தார்கள். போனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் குடங்களோடு வரிசையில் நின்றார். விரல் நகமெல்லாம் இன்னும் வெள்ளி மருந்து. எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“என்ன தாயி? அவனுக்கு என்ன?”

அவருக்கும் அதே பயம்தான். ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனைக் கையில் கொடுத்தேன்.

“ஏலே! தண்ணி வந்துருக்கு. உனக்கு இப்பந்தான் பேச நேரமா?” என்று தொடங்கியவர், அவன் சொன்னதைக் கேட்கக் கேட்க வரிசை நகர்ந்ததையே மறந்துவிட்டார். பின்னால் இருந்தவள், “குடத்த நவட்டு மதினி” என்றாள். பேச்சியம்மா காலாலேயே குடத்தை நகர்த்தினார். பிறகு, வரிசை முழுக்கக் கேட்கும்படி, “இங்கன ஒண்ணும் வெடிக்கல. நான் குத்துக்கல்லு மாதிரி நிக்கேன். நீ உள்ள போயி ஆட்டத்தப் பாரு” என்றார். போனைத் திருப்பித் தரவில்லை. குடங்கள் நிறைந்து, அவர் முறை முடிந்து, அடுத்தவள் குடம் வைத்த பிறகும் காதிலேயே வைத்திருந்தார். இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவன் உள்ளே போகவில்லை. ஊர் திரும்பியதும் ஒளிக்காமல் சொன்னான். கட்டிடத்தின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கடைசி வரை நின்றிருக்கிறான். சுவர் எப்படி அதிர்ந்தது, எந்தப் பாட்டுக்குப் பக்கத்துக் கதவின் கைப்பிடி கிலுகிலுத்தது என்று எங்களுக்கு நாள் கணக்கில் சொன்னான். “உள்ள போயிருக்கலாம்லலே” என்று ரத்தினம் ஆற்றாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கும் ஆதங்கம்தான். மனிதன் பயத்தை விட்டுவிட்டு வரலாம் என்று அவ்வளவு தூரம் போயிருக்கிறான். அது அவனுக்கு முன்னால் போய் வாசலில் உட்கார்ந்திருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் போயிற்று. நான் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். அச்சகத்தை இப்போது ரத்தினம்தான் பார்க்கிறார். பாட்டுக் கேட்கிறீர்களா என்றால், “எங்க நேரம், சீசன்ல மனுசன் மூச்சு விட முடியல” என்கிறார். அந்த நாலு கலர் மிஷினை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். எங்கள் குழுவில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் யாரோ செய்த வாழ்த்துப் படங்கள்தான் வருகின்றன. முனீஸ் சிங்கப்பூரிலேயே ஓர் அச்சகத்தில் வேலை வாங்கிப் போய்விட்டான். பேச்சியம்மா போன வருஷம் இறந்துபோனார். சர்க்கரை, பிறகு சிறுநீரகம், வீட்டுக் கட்டிலில்தான் உயிர் போனது. கட்டிலில் போனதற்காகவே கொடுத்து வைத்தவள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இன்று காலையில் பொறுக்க முடியாமல் முனீஸைக் கூப்பிட்டேன். இத்தனை பேர் போயிருக்கிறார்களே, நீ போனாயா என்று கேட்டேன்.

“போனேன்க்கா. இந்தத் தடவ முழுசா உள்ள இருந்தேன்.”

“அந்த அடி?”

“வந்துச்சு. லைட்ட அமத்திட்டு ஒரே அடி. அதே மாதிரி அடுத்தது வரல. கை தானா போன எடுத்துருச்சுக்கா. எடுத்துப் பாத்துக்கிட்டே நின்னேன். யாரக் கூப்பிட? திரும்பச் சட்டப்பைக்குள்ள போட்டுட்டுப் பாட்டக் கேட்டேன்.”

“நல்லாருந்துச்சா?”

“நல்லாத்தான் இருந்துச்சு. பயமே இல்ல.” லேசாகச் சிரித்தான். “இனி எங்கன வெடிச்சா எனக்கென்னக்கா.”