பிசிறு வெட்டக் கிளம்பிய அப்புசாமி

பெருமாநல்லூர் அப்புசாமி கல்யாணத்துக்குப் போனால், மாப்பிள்ளையின் சட்டைக் காலரைத் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டுத்தான் திருநீறு பூசுவார். குண்டடத்தில் சோளம் விதைத்துக்கொண்டிருந்தவர், பனியன் கம்பெனி முதலாளியான பிறகு வந்த பழக்கம் அது. எங்கேயாவது ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் கை பரபரக்கும். அவர் சட்டைப் பையில் பேனா இருக்காது. பிசிறு வெட்டுகிற சின்னக் கத்தரி இருக்கும்.

புது யூனிட்டுக்காக அவர் வாங்கிய இடம், மண் கொட்டி மூடிய பழைய கல்லுக்குழி. கொட்டிய மண்ணை நம்பிக் கட்டடம் எழுப்ப முடியாது. அதனால் பாறை வரைக்கும் துளை போட்டு, கம்பிக்கூடு இறக்கி, கான்கிரீட் ஊற்றி வரிசையாகப் பைல் என்கிற நிலத்தடித் தூண்களைப் போட்டார்கள். அவற்றின் மேல் கட்டடத்தையே தாங்கும் தடித்த தளம் வரவேண்டும். அதற்காகப் பைல்களின் தலையை உடைத்துச் சமன் செய்தபோது, உள்ளேயிருந்த கம்பிகள் இடுப்பளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

அப்புசாமிக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

“ஏப்பா முனீசு, இதென்ன இத்தன பிசிறு? ஒட்ட வெட்டி உடு.”

கம்பி கட்டும் முனீஸ் விளாத்திகுளத்துக்காரர். முதலாளி சொன்னால் அதற்கு மேல் யோசிக்க மாட்டார். வெட்டும் மெஷினை எடுத்துவிட்டார். அந்தச் சத்தம் கேட்டு, கட்டட இன்ஜினீயர் சித்ராதேவி தலையில் தொப்பி நிற்காமல் ஓடிவந்தாள்.

“ஐயா, நிறுத்தச் சொல்லுங்க! அதை வெட்டினா பைலுக்கும் தளத்துக்கும் பிடிப்பே இருக்காது!”

“தளம் அதும் மேல உக்காந்துக்காதுங்களா, அம்மிணி?”

“சட்டைக்குக் கை வெட்டறப்போ, தையலுக்குத் துணி விடாம வெட்டுவீங்களா?”

“ஐயையோ, கை கழண்டு வந்துருமுங்களே!”

“இதுவும் அப்படித்தாங்க. இந்தக் கம்பி தளத்துக்குள்ள போதுமான நீளம் போகணும். உயரம் பத்தாத இடத்துல மடக்கி உள்ளேயே படுக்க வைப்போம். தளத்தோட கம்பிவலையும் இதுவும் சேர்ந்து கான்கிரீட்டுக்குள்ள இறுகிக்கும்.”

அப்புசாமி அந்தக் கம்பிகளைப் புதிதாகப் பார்த்தார். அன்றிலிருந்து யாரும் அவரிடம் தப்பவில்லை. காதர்பேட்டையிலிருந்து பனியன் விலை கேட்க வந்த வியாபாரிக்கு டீ டம்ளரைப் பைலாக வைத்து விளக்கினார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் பேச்சு கம்பிக்கே வந்தது.

கான்கிரீட் போடும் நாள் காலையில் லாரிகள் வரிசையாக வந்து நின்றன.

“கொஞ்சம் இருங்க. மூடிட்டா அப்பறம் திருப்பிப் பாக்க முடியாது” என்று வேட்டியோடு கம்பிவலைக்குள் இறங்கினார் அப்புசாமி. கம்பி கட்டிய ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். மூலைப் பைலிடம் வந்தபோது, மடக்கியிருந்த ஒரு கம்பி நுனி வேட்டியைக் குத்திப் பிடித்தது. அதை விடுவிக்கத் திரும்பினார். வேட்டியின் மறுகரையை இன்னொரு கம்பி பிடித்தது. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியதில் அவரே பைலோடு கட்டப்பட்டவர் போலானார்.

“ஜல்தி, சேட்ஜி!” என்று லாரியிலிருந்து பீகார் டிரைவர் அவசரப்படுத்திக் கத்தினார்.

முனீஸ் மெஷினோடு வந்தார். “அசையாதீய மொதலாளி, கம்பி நுனிய லேசா வெட்டிட்டாப் போதும்.”

“கம்பியத் தொட்டீன்னா நடக்கறதே வேற! வேட்டிய வெட்டுறா!”

முனீஸ் தயங்கவே, அப்புசாமியே பையிலிருந்த கத்தரியை எடுத்து வேட்டியை வெட்டிக்கொண்டார். சித்ராதேவி அவசரமாக வானத்தைப் பார்த்தாள். பழைய யூனிட்டிலிருந்து யாரோ ஓடிப்போய், ஏற்றுமதியில் திரும்பி வந்த அரை டிராயர் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கிளிப்பச்சை நிறம், பின்பக்கம் பெரிய மஞ்சள் வாத்து.

“துணி ஒரு துண்டுகூட உள்ள கெடக்கக் கூடாதுங்க” என்றாள் சித்ராதேவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. அப்புசாமி வாத்தோடு குனிந்து குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினார். அதன் பிறகுதான் கான்கிரீட் இறங்கியது. பொழுது சாய்வதற்குள் தளம் முடிந்தது.

வீட்டு வாசலில் மனைவி வெள்ளையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங்க, வேட்டி எங்கீங்க?”

அப்புசாமி சோபாவில் நிதானமாக உட்கார்ந்தார். “இப்ப பாறை வரைக்கும் ஒரு தொளை போடறாங்கன்னு வெச்சுக்க...”

வெள்ளையம்மாள் டிவி சத்தத்தைக் கூட்டினார்.