கோடு மட்டும் போட்ட போல்ட்டுகள்

பன்றித் தலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்ட பதினாறு பேரில் நானும் ஒருவன். எங்கள் உல்சான் நகரில் பெரிய கட்டடத்துக்கு முதன்முதலாக மின்சாரம் விடும் நாளில் எங்கள் ஆட்கள் இப்படித்தான் செய்வார்கள்: அவித்த பன்றித் தலை, அரிசிக் கள், நெற்றி தரையில் படக் கும்பிடு. கும்பிடாதவர் பாங் ஒக்சுன் அக்கா மட்டும்தான். அந்த நேரத்தில் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறிக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தேழு வயது, மின் பாதுகாப்பு அதிகாரி. அவர் கையெழுத்துப் போடாமல் எங்கள் நாலு அடுக்குமாடிக் கோபுரங்களிலும் ஒரு விளக்கு எரியாது. முன்பு அவர் வேலை பார்த்த கட்டடத்தில், மாடி சோலாரில் ஒரு போல்ட் தளர்ந்து, இணைப்பு சூடேறித் தீப்பிடித்தது. ஈரத் துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு ஜனங்கள் இறங்கி ஓடியதைப் பார்த்தவர். அதிலிருந்து அவர் போல்ட்டின் மேல் போடும் கோட்டை நம்புவதில்லை.

போல்ட்டை ஸ்பேனரால் முறுக்கி முடித்ததும், போல்ட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்துச் சிவப்பு மையில் ஒரு கோடு போடவேண்டும். பிறகு போல்ட் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான், முறுக்குகிறவனுக்கு. எங்கள் மேலாளர் மா ஜொங்பிலுக்குத் தேதிதான் தெய்வம். கோடு போட்டு போட்டோ அனுப்பு, முறுக்குவதை அப்புறம் பார்க்கலாம் என்பார். அந்த அப்புறம் எந்தக் கட்டடத்திலும் வந்ததில்லை. இந்த நாலு மொட்டைமாடிகளிலும் சோலார் போல்ட்டுகளின் கோடுகள் அத்தனையும் நான் போட்டவை. முப்பது வருடத் தொழில்காரன், குழந்தை மாதிரி வர்ணம் தீட்டியிருக்கிறேன். தூ.

அக்கா என்னை இரண்டாம் கோபுரத்து மாடிக்குக் கூப்பிட்டார். வெறும் விரலால் ஒரு போல்ட்டைத் திருகினார். கோடு இரண்டாகப் பிரிந்தது. அடுத்ததும் அப்படியே.

"நாலு கோபுரத்து மாடியும் பாத்துட்டேன். நாலாவதுல மட்டும் ஒண்ணுகூட அசையல. அங்க யாரு குடிவரப்போறா?"

"என் பையன், அக்கா."

அவர் திட்டவில்லை. கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார், எதையோ மிதித்துவிட்டவர் போல.

"அப்ப உனக்கு முறுக்கத் தெரியும்" என்றார்.

கீழே வந்து கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். மேலாளர் கள் வாடையோடு, இன்றைக்கே போடாவிட்டால் வேலை போய்விடும் என்றார். அக்கா என்னைக் காட்டி, இவனையே கேளுங்கள் என்றார். நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் வேலை தப்பியிருக்கும், இரண்டே நாளில் எல்லாவற்றையும் முறுக்கியிருக்கலாம்.

"முறுக்குனியாய்யா?"

"எல்லாம் முறுக்கியாச்சு, சார்."

அக்கா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் போனார். மூன்றாம் நாள் வேறொரு அதிகாரி வந்து, படியே ஏறாமல் கையெழுத்துப் போட்டார். அன்று மறுபடியும் ஒரு பன்றித் தலை வாங்கினார்கள். மறுபடியும் விழுந்து கும்பிட்டேன்.

மகன் குடிவந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அவன் வீட்டு ஜன்னலிலிருந்து இரண்டாம் கோபுரம் தெரியும், பால்கனிகளில் குழந்தைத் துணிகள் காய்கின்றன. மருமகள் ஜன்னலோரம் இருக்கை போடுவாள். நான் அதைத் திருப்பிப் போட்டு உட்காருகிறேன்.