சத்தமில்லாத மைதானம்: பன்வில மலையில் ஒரு பகல்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் அருவி, கோயில், எந்தக் கடையில் ரொட்டி சூடாகக் கிடைக்கும் என்றுதான் எழுதுவேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, கண்டி மஹய்யாவவிலிருந்து பன்வில மலைக்குப் போனது ஊர் சுற்றுவதற்கு இல்லை. ஐந்து மாதத்துக்கு முன் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் காலை நேரம் மலை சரிந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த ஒரு லயம் அப்படியே மண்ணுக்குள் போனது. தப்பிய பிள்ளைகளுக்குள் அந்தப் பயம் தங்கிவிட்டதா என்று பார்க்கும் படிவங்களைச் சேர்த்துக்கொண்டு வருவதுதான் என் வேலை. டவுன் பள்ளியில் டீச்சர் என்பதால் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து என்னையும் இழுத்துப் போட்டிருந்தார்கள்.

படிவத்தின் முறை இதுதான். பிள்ளையிடம் எதுவும் கேட்கக் கூடாது. அதைத் தினமும் பார்க்கிற பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும். கெட்ட கனவு காண்கிறதா, சத்தத்துக்குத் திடுக்கிடுகிறதா, நடந்ததை விளையாட்டில் திரும்பச் செய்கிறதா என்று பதினைந்து கேள்விகள். முதல் நிரல் வீட்டாருக்கு, இரண்டாவது ஆசிரியருக்கு. மூன்றாவது 'தினமும் பார்க்கும் வேறொருவர்' என்று இருக்கும், அதை யாரும் நிரப்புவதில்லை. ஏதாவது ஒரு நிரலில் ஐந்து 'ஆம்' வந்தால் பிள்ளையின் பெயர் மனநல டொக்டரின் பட்டியலில் ஏறும். பட்டியலில் இல்லாத பிள்ளையை டொக்டர் பார்க்கப் போவதில்லை. பட்டியலை அன்று மாலையே கொடுக்க வேண்டும்.

கண்டியில் காலை 7.05க்கு பஸ். பன்வில வரை என் போன் காட்டியது 25 கிலோமீற்றர், டிக்கெட் 150 ரூபாய், ஒன்றே கால் மணி நேரம். வத்தேகம தாண்டும்வரை இடதுபக்க ஜன்னலில் நல்ல வெயில். பன்வில டவுனில் பிளேன்டீ குடித்துவிட்டு ஓட்டோ பிடித்தேன். தோட்டத்துக்கு 6 கிலோமீற்றர், 1,000 ரூபாய். ஓட்டுநர் செல்வம் வாய் ஓயாதவர், அரசியலிலிருந்து அவருடைய மச்சானின் கல்யாணம்வரை சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு வளைவில் மட்டும் ஏனோ பேச்சை நிறுத்தினார். பாதை மோசமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் இடைவேளை. முப்பது பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஆனால் ஒரு சத்தமும் இல்லை. வெறுங்கால்கள் மண்ணில் படுவது மட்டும் கேட்டது. பிடிபட்டவன் கத்தவில்லை, பிடித்தவள் சிரிக்கவில்லை. பந்து தகரக் கூரையில் விழுந்து 'டம்' என்றபோது முப்பது பேரும் நின்று, மேலே மலையைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி ஓடினார்கள்.

ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனாலும் என் டீச்சர் புத்தி என்ன செய்தது தெரியுமா? வகுப்பாசிரியரிடம், "என்ன சேர், இவ்வளவு ஒழுங்கு! எங்க பள்ளிக்கூடத்துக்கும் வந்து சொல்லிக்குடுங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்துபோனது.

அப்போது ஒரு நாய் குரைத்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிப்போய், அதன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குந்தினாள். பெயர் கவிஷா (பெயர்களை மாற்றியிருக்கிறேன்). படிவத்தை எடுத்துப் பார்த்தேன். தாய் பூச்சியம், ஆசிரியர் பூச்சியம்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் கையெழுத்துப் போட அவளுடைய அம்மா மல்லிகா கொழுந்துக் கூடையோடு வந்தார். "அவளுக்கு ஒண்ணுமில்லீங்க டீச்சர். முந்தியெல்லாம் சரியான அடம். மண்ணு வந்த அன்னிக்குக்கூட, வெள்ளச் சட்டதான் வேணும்னு லயமே அதிர கத்திக்கிட்டு இருந்தா. இப்ப சத்தமே இல்ல. நல்ல புள்ளயாயிட்டா."

நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். இன்று நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது.

தினமும் பள்ளிக்கு ஏற்றிப்போகும் ஐந்து பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டு இரண்டு மணிக்குச் செல்வம் என்னை ஏற்ற வந்தார். அதே வளைவில் ஓட்டோ மெதுவாகி, பேச்சும் நின்றது. வலப்பக்கம் சிவந்த மண், அதில் பாதி புதைந்த நீல வாளி ஒன்று. எதிரே லொறி வந்தும் அவர் ஹோர்ன் அடிக்கவில்லை. தாண்டியபிறகு காரணம் கேட்டேன்.

"பழகிப்போச்சு டீச்சர். புள்ளைங்க இருந்தா அடிக்க விடாது. இந்த எடம் வந்தா அஞ்சும் வாயப் பொத்திக்கும். கண்ணாடியில பாப்பேன், மூச்சுக்கூட விடாது. கவிஷாதான் சொல்லி வச்சிருக்கு. சத்தம் போட்டா மலைக்குக் கேக்குமாம். அன்னிக்கு ஒருதடவ கேட்டுச்சாம்."

எனக்கு உடனே மல்லிகா சொன்ன வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்தது. ஓட்டோவைத் திருப்பச் சொன்னேன்.

பாதையோரத்தில் நிறுத்தி, மூன்றாவது நிரலைக் கேள்வி கேள்வியாக வாசித்தேன். "நான் சொன்னா எடுபடுமா டீச்சர்? நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான்" என்றார் செல்வம். "நீங்கதானே தெனமும் பாக்கிறீங்க" என்றேன். ஏழு 'ஆம்' வந்தது.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் மல்லிகாவைத் தேடிப்பிடித்து, தான் கத்தியதால்தான் மலை சரிந்தது என்று கவிஷா நம்புவதைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு கூடையை இறக்கிவைத்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்தார். "தெனமும் சாயங்காலம் தலயத் தடவி, சத்தம் போடாம இருந்தியா, நல்ல புள்ளன்னு நாந்தானே சொல்றேன்..." என்றார். காலையில் நானும் அதைத்தானே சொன்னேன். திரும்பி வரும்போது அந்த வளைவில் என் வாயும் தானாக மூடிக்கொண்டது. வெட்கமாக இருந்தது, ஆனால் திறக்க முடியவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மழை நாளில் கிளம்பாதீர்கள். அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ் நேரத்தை ஓட்டோ ஓட்டுநரிடமே கேளுங்கள், எனக்கு 3.40க்குக் கிடைத்தது. சரிந்த இடத்தில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். படிவத்தோடு போகிறவர்கள் மூன்றாவது நிரலை வெறுமையாக விடாதீர்கள். பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிறவர் யார், பிஸ்கட் விற்கிறவர் யார் என்று விசாரியுங்கள். 'நல்ல பிள்ளை' என்று எல்லோரும் சொன்னால், இன்னும் ஒருவரைத் தேடிப் போங்கள்.

கவிஷாவை டொக்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டார். நேற்று செல்வம் எனக்குப் போன் எடுத்தார்.

"டீச்சர், இன்னிக்கு ஓரத்துலதான் உக்காருவேன்னு ஒரே அடம். பாலத்துக்கிட்ட என்னா கத்து கத்துனா தெரியுமா! காது போச்சு."

"வளைவுல?"



"வளைவுல இன்னும் வாயத் தொறக்கல டீச்சர். ஆனா நான் இன்னிக்கு ஹோர்ன் அடிச்சேன். அஞ்சும் மலையப் பாத்துச்சு. நானும் பாத்தேன்."