ஒன்றாம் எண் வீட்டுப் படுதாக்காரி

எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்ப்பதற்கென்றே வீடு வாங்குகிறவர்கள், குடிவந்த இரண்டாம் மாதம் கடலை மறைப்பதற்கு ஆள் தேடுவார்கள். காலை வெயில் அலையில் பட்டுத் தெறித்து நேரே கட்டில்மேல் வந்து விழும். உப்புக்காற்றில் சோபா பிசுபிசுக்கும். ஜன்னல் கீல்கள் துருப்பிடித்து அழும். அப்போது அக்கம்பக்கத்தார் சொல்லும் ஒரே பெயர் படுதாக்காரி. மாடி முகப்பில் நிழலுக்குக் கட்டும் சாய்வுப் படுதாவைத் தைப்பதில் அவரை அடிக்க ஆளில்லை.

“கடலைக் காட்டி வீடு விக்கிறான் ஒருத்தன். கடலை மறைச்சுச் சோறு திங்குறேன் நான். ரெண்டு பேருக்கும் அதுதான் முதலாளி” என்பார்.

பிறந்தது 1953இல், அந்தச் சாலையின் கடற்பக்கம் இருக்கும் ஒரே கட்டடத்தில். நீளம் முப்பத்தொரு அடி, அகலம் பதினான்கு அடி. அவருடைய தாத்தா அங்கே உட்கார்ந்து படகுகளுக்குப் பாய் தைத்தார். படகுகளில் மோட்டார் வந்தபின் அப்பா சரக்கு மூட்டைகளுக்குத் தார்ப்பாய் தைத்தார். மகள் பணக்காரர்களின் மாடிக்குப் படுதா தைக்கிறார். கடலோரத்தில் ஒரு படுதா இரண்டு வருடம் நான்கு மாதம் உழைக்கும். அதே துணி உள்தெருவில் ஆறு வருடம் உழைக்கும். ஆகவே கடலோரத்தில் வேலைக்குப் பஞ்சமே கிடையாது. அவர் கணவர் படகு மோட்டார் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். துணியின் மறுமுனையை இழுத்துப் பிடிப்பது அவர் பொறுப்பு. வாயைத் திறக்காமல் பிழைக்கும் மனிதர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான்.

படுதாக்காரி ஊரில் எல்லாருடைய பெருமையையும் கேலி செய்வார். அதற்கு வசதியான ஊர்தான். ‘எங்க கொள்ளுத்தாத்தாதான் இந்தக் கரையில முதல் வீடு கட்டினவர்’ என்று என்னிடம் சொன்ன குடும்பங்கள் பதினொன்று. நகராட்சியின் வீட்டு எண் பிரிவில் 1961 முதல் 1999 வரை பதிவேடு எழுதியவன் என்பதால், எண்ணிச் சொல்கிறேன்.

ஆனால் அவருக்கும் ஒரு பெருமை உண்டு. அவர் வாசலில் ஒரு பித்தளைத் தகடு; அதில் ‘1’. தினமும் காலையில் அதைப் புளி போட்டுத் தேய்ப்பார். மாலைக்குள் உப்புக்காற்றில் அது பச்சையாகிவிடும். மறுநாள் மறுபடியும் தேய்ப்பார். மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர் ஒருமுறை “கொட்டகையில யாரு?” என்று கூப்பிட்டதற்கு, இருபது நிமிடம் அவரை வெயிலில் நிறுத்திவைத்தார். “கொட்டகையில யாரும் இல்லை. ஒண்ணாம் நம்பர் வீட்டுல ஆள் இருக்கு. யாரு வேணும்?”

எதிரே சாலையின் மறுபக்கத்தில் இரண்டாம் எண் வீடு. எட்டுத் தூண்கள், மூன்று மாடி, எங்கு பார்த்தாலும் கண்ணாடி. அதன் உரிமையாளர்தான் கடற்கரைச் சாலைக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வீடு இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் உலகத்தில் கோடிப் பேர். இவர் கவலை, வீட்டின் எண் இரண்டாக இருக்கிறதே என்பது. விருந்தாளிகள் “ஒண்ணாம் நம்பர் யாரோடது?” என்று கேட்பார்களாம். அவர் கையை நீட்டித் தார்ப்பாய் தொங்கும் கொட்டகையைக் காட்ட வேண்டியிருக்குமாம்.

2014 ஏப்ரலில் சங்கம் நகராட்சிக்கு ஒரு மனு கொடுத்தது. கடற்கரைச் சாலையில் எண்கள் வீடுகளுக்கு உரியவை. ஒன்றாம் எண் முதலிலிருந்தே வீடல்ல, படகு நிறுத்தும் கொட்டகை. ஆகவே அந்த எண்ணை நீக்கி, மற்ற எண்களை ஒவ்வொரு படி மேலே ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினால் யார் ஒன்றாவார் என்று மனுவில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

இதில் போவது எண் மட்டுமல்ல. சாலையின் கடற்பக்க மணலில் எண் இல்லாத எந்தக் கட்டடமும் இருக்கக் கூடாது என்பது நகராட்சி விதி. படுதாக்காரியிடம் பத்திரம் கிடையாது. தாத்தா காலத்தில் மணலுக்கு யார் பத்திரம் எழுதினார்கள்? பதிவேட்டில் இருந்த அந்த ஓர் எண்தான் அவருக்குப் பத்திரம். அது அடிபட்டால் முப்பதாம் நாள் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள்: ஜூன் 12, வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. எண்களை முதன்முதலில் இட்ட 1926ஆம் ஆண்டுப் பதிவேட்டின் கையெழுத்து இப்போது இருப்பவர்களுக்குப் பிடிபடவில்லை. என்னை வந்து படிக்கச் சொன்னார்கள். முந்தின மாலை படுதாக்காரியைப் பார்க்கப் போனேன். மஞ்சள் கோடு போட்ட படுதா ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். கணவர் மறுமுனையைப் பிடித்திருந்தார்.

“வாங்கண்ணே. ரிட்டயர் ஆகிப் பதினஞ்சு வருசம் கழிச்சு உங்களையும் தூசி தட்டி எடுத்துட்டாங்களாமே?”

“பதிவேட்டை நான்தான் படிக்கணுமாம்.”

“நம்ம வீட்டைப் பத்தி என்ன போட்டிருக்கு?”

அவருடைய பதிவை அவரிடம் சொல்லலாம். சொன்னேன். “படகுக் கொட்டகை.”

தையல் இயந்திரம் நின்றது.

“வீடுன்னு இல்லையா?”

“இல்லை.”

“ஓரத்துல எங்கயாச்சும்? சின்னதா?”

“இல்லைம்மா.”

“முப்பத்தெட்டு வருசம் அந்தப் புத்தகம் உங்க கையில இருந்துச்சு. ஒரு நாளாவது பேனா வழுக்கி ‘வீடு’ன்னு விழுந்திருக்கக் கூடாதா?”

“என் பேனா வழுக்காது.”

“எப்படி வழுக்கும்? கல்யாணப் பத்திரிகையில இருந்த அச்சுப் பிழையைக் கையாலயே திருத்திக் குடுத்த மாப்பிள்ளையாச்சே நீங்க.”

உண்மைதான். இருநூற்றுப் பன்னிரண்டு பத்திரிகை.

கணவர் வாயைத் திறந்தார். “நம்பரை அவங்களுக்கே விட்டுரு. இடத்தை மட்டும் கேளு.”

“நல்லா இருக்கே! நம்பர்தான்யா இடம். இங்கருந்து போனா எங்க போவோம்? ஒரு படுதாவுக்கு முப்பதடி துணியை விரிக்கணும். ஃபிளாட்டுல போய் உட்கார்ந்தா கைக்குட்டைதான் தைக்கலாம்.”

கத்தரிக்கோல் மடியிலேயே இருந்தது. ஆனாலும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு என் பக்கம் திரும்பவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மற்ற வீடுகளின் பதிவைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஒருவர் வாசல் விவரத்தை இன்னொருவருக்கு அலுவலகத்துக்கு வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் பிரிவின் விதி. அன்று இரவு அந்த விதி தலையணைக்கடியில் கிடந்த கல் போல உறுத்தியது என்பதை மறைப்பானேன்?

வியாழக்கிழமை நகராட்சி அலுவலகத்துக்குச் செயலாளர் சங்க உறுப்பினர்கள் பத்துப் பேருடன் வந்திருந்தார். கஞ்சி போட்ட சட்டைகளின் சரசரப்பு மேசை வரை கேட்டது. படுதாக்காரி கணவருடன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விசாரித்தவர் இளம் பெண் அதிகாரி; மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

நான் பதிவேட்டைத் திறந்தேன். 1926 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை. “எண் ஒன்று. படகுக் கொட்டகை. பாய் தைப்பவர் பொறுப்பில். பெயின்டரின் ஏணி இங்கே வைக்கப்பட்டிருப்பதால் எண்ணிடுவது இங்கிருந்து தொடங்கப்பட்டது.”

சங்கத்தார் பக்கம் சிரிப்பு கிளம்பியது. செயலாளர் எழுந்தார்.

“பார்த்தீங்களா மேடம்? ஏணி வச்சிருந்த இடம்! அதுக்குப் போய் ஒண்ணாம் நம்பர். எங்க கொள்ளுத்தாத்தா இந்தக் கரையில மாளிகை கட்டி ஊரையே உண்டாக்கினவர். அவரை இந்த ஏணி ரெண்டாவதா ஆக்கிடுச்சு.”

அதிகாரி படுதாக்காரியைப் பார்த்தார். “நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?”

படுதாக்காரி எழுந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். “நான் என்னங்க சொல்றது, எழுதினதை எழுதிட்டாங்க. போறதுதான் போறேன், அந்த மாளிகையையும் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்க. எத்தனை தூணு, எத்தனை மாடின்னு காது குளிரக் கேட்டுட்டுப் போறேன்.”

“தாராளமா படிங்க!” என்றார் செயலாளர்.

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். அலுவலகத்துக்குள், மனுதாரரின் சம்மதத்தோடு, அதிகாரியின் உத்தரவின்படி. இனி எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.

“எண் இரண்டு. மாட்டுக் கொட்டில். சாணக்குழி வாசல். சாணம் குழிக்கு வெளியே கிடந்ததற்காக இருமுறை எச்சரிக்கப்பட்டது.”

“வேற பக்கமா இருக்கும்” என்றார் செயலாளர். “அடுத்ததைப் படிங்க.”

“எண் மூன்று. சமையலறைச் சாம்பல் தொட்டி. எண் நான்கு. துணி துவைக்கும் கல். எண் ஐந்து. கழிப்பறைப் பின்கதவு.”

“போதும், போதும்” என்றார் ஐந்தாம் எண்காரர்.

அதிகாரி என்னிடம் விளக்கம் கேட்டார். சொன்னேன். இந்த ஊரின் பெரிய குடும்பங்கள் கப்பலில் சம்பாதித்தவை. அவர்களுக்குக் கடல் ஒரு தொழிற்சாலை. தொழிற்சாலையைப் பார்த்து யார் வரவேற்பறை கட்டுவார்கள்? கடற்காற்று இரும்புப் பெட்டியை அரிக்கும், பெண்களின் நிறத்தைக் கெடுக்கும் என்று பயந்து, எல்லா மாளிகைகளையும் உள்தெருவைப் பார்த்தே கட்டினார்கள். கடலுக்குக் காட்டியது முதுகைத்தான். அந்த முதுகுகளுக்குப் பின்னால் மணலோரம் ஒரு சந்து. குப்பை வண்டி எந்தப் பின்கதவில் நிற்க வேண்டும் என்பதற்காக 1926இல் அந்தச் சந்தில் எண் இட்டார்கள். 1958இல் சந்துக்குத் தார் போட்டு, விளக்கு நட்டு, கல் பெஞ்சு வைத்தார்கள். அதற்குள் கடலைப் பார்ப்பது கௌரவமாகிவிட்டது. தூக்கத்தில் புரண்டு படுப்பது போல ஊர் மொத்தமும் திரும்பிக்கொண்டது. முன்வாசலை அடைத்துப் பின்வாசலில் தூண் எழுப்பினார்கள். எண்களை மட்டும் யாரும் மாற்றவில்லை. இருபத்து மூன்று எண்களும் இன்றும் குப்பை வண்டி எண்கள்தான்.

அதிகாரி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். பிறகு செயலாளரிடம் சொன்னார்: “சார், உங்க மனுவை அப்படியே ஏத்துக்கறேன்னு வைங்க. கொட்டகை வீடில்லைன்னா கொட்டிலும் வீடில்லை. ஒண்ணை எடுத்தா இருபத்து மூணையும் எடுக்கணும். அப்புறம் உங்க வீட்டுக்கு உள்தெரு விலாசம்தான். இல்லை, இத்தனை வருசமா ஆள் குடியிருக்கற எல்லாமே வீடுதான்னா, ஒண்ணாம் நம்பரும் வீடு. எது வேணும்?”

உள்தெரு என்ற சொல் கேட்டதும் பத்து கஞ்சிச் சட்டைகளும் ஒரே நேரத்தில் சரசரத்தன. உள்தெருவில் மளிகைக் கடை இருக்கிறது, சைக்கிள் கடை இருக்கிறது, கடல் இல்லை. சங்கத்தார் தலைகளை ஒன்றாகச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். நான்கு நிமிடம் ஆயிற்று. மனு திரும்பப் பெறப்பட்டது. ஒன்றாம் எண்ணுக்கு நேரே ‘குடியிருப்பு வீடு, அதிகாரியின் உத்தரவுப்படி’ என்று நாளிட்டு எழுதும் வேலையை அதிகாரி என்னிடமே கொடுத்தார். நான்கு சொற்கள். பேனா வழுக்கவில்லை.

எழுதி முடிக்கும்வரை படுதாக்காரி என் தோளுக்கு மேலே குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். ‘வீடு’ என்பதில் விரலை வைத்தார். மை காயவில்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

“இதுக்கு நகல் குடுப்பீங்களாண்ணே?”

“தாராளமா. ஒன்றாம் எண்ணுக்குத்தானே?”

“அது எனக்கு மனப்பாடம். ரெண்டாம் நம்பருக்கு ஒண்ணு வேணும். எச்சரிக்கை பண்ணினது உள்பட.”

விசாரணையில் படித்த பதிவுக்கு யார் கேட்டாலும் நகல் தர வேண்டும். எழுத்தர் எழுதிக் கொடுத்தார், முத்திரையும் விழுந்தது. படுதாக்காரி அதை நான்காக மடித்தார். கணவர் கையை நீட்டினார். அவரிடம் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டார்.

வராந்தாவில் செயலாளர் காத்திருந்தார். இருபது வருடமாக ‘ஏம்மா’ என்று கூப்பிட்டவர், அன்று குரலை இறக்கி, “அக்கா, அந்த நகல் உங்களுக்கு எதுக்கு?” என்றார்.

“தொழிலுக்குத்தான் தம்பி. மழைக்கு முன்னாடி உங்க வீட்டுக்குப் புதுப் படுதா தைக்கணுமில்ல? அளவெடுக்க வரும்போது எது முன்பக்கம், எது பின்பக்கம்னு நான் தெரிஞ்சுக்க வேணாமா?”

கணவர் சத்தம்போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.