ஏழு மணி ஊசி

எங்கள் வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை வியாதி இருந்தது என்று இன்றைக்குச் சொன்னாலும் கேட்பவர்கள் முதலில் சிரித்துவிடுகிறார்கள். அப்புறம், மனுஷருக்கு வருகிற மாதிரியேதானா என்று கேட்கிறார்கள். அதே மாதிரிதான். ஊசி அதே ஊசி, மருந்து அதே மருந்து. எங்கள் தெருவில் சர்க்கரை வந்த பெரியவர்கள் எல்லாரும் வீட்டுக்குத் தெரியாமல் டீக்கடையில் வடையும் ஜிலேபியுமாக வெளுத்துக் கட்டிவிட்டு வருவார்கள். பூனைக்கு அந்தச் சாமர்த்தியம் மட்டும் கிடையாது.

அதன் பெயர் துரை. செம்பட்டை நிறத்தில், தடித்த கழுத்தோடு, அப்பாவின் நாற்காலியை அப்பாவுக்கே விட்டுக்கொடுக்காத ஆண் பூனை. பெயரை அப்பாதான் வைத்தார், வயிற்றெரிச்சலில்.

துரைக்கு நோய் வந்த வருஷம் சித்தி எங்கள் வீட்டில் இருந்தாள். அம்மாவின் தங்கை. பழனிப் பக்கம் கீரனூரில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்க்கா" என்று ஒரு பையோடு திண்டுக்கல் வந்து இறங்கியவள், இரண்டு மாதமாகியும் கிளம்பவில்லை. ஏன் கிளம்பவில்லை என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. எனக்குப் பதினோரு வயது, வீட்டுக்கு ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தாயம் ஆடவும், பேன் பார்க்கவும், நான் அவிழ்த்துவிடும் புளுகுக்கெல்லாம் "அப்புறம்?" என்று கேட்கவும் வீட்டில் ஒரு ஆள் இருந்தாள். அது போதாதா?

சித்தி ஓயாமல் பேசுவாள். பூனையோடு பேசுவாள், கொதிக்கிற உலையோடு பேசுவாள், கீரைக்காரம்மாவைக் கூடையை இறக்கவிட்டு அரைமணி நேரம் பேசுவாள். "மூணு வருசமா வாயத் தச்சு வச்சிருந்தாப்புல பேசுறா" என்பாள் அம்மா. சொல்லிவிட்டுச் சிரிக்காமல் உள்ளே போய்விடுவாள். சித்தி திரும்பிப் போகக் கூடாது. அந்த வருஷம் முழுக்க எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் நான் கேட்டது அதை மட்டும்தான்.

துரைக்கு என்னவோ ஆகியிருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். எங்கள் ஊரில் குழாயில் நல்ல தண்ணீர் எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாது. வருகிற அன்றைக்குக் குடம், அண்டா, சொம்பு வரைக்கும் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்து வரும்வரை அளந்து செலவழிப்போம். அதனால் ஒரு சொம்பு கூடக் குறைந்தாலும் வீட்டில் தெரிந்துவிடும். துரையின் கிண்ணத்தில் ஒரு நாளைக்கு நாலு தடவை ஊற்றியும் காலி. கதவு மூலை, செருப்பு வைக்கும் இடம், அரிசி மூட்டையின் அடி என்று எங்கே பார்த்தாலும் மூத்திரம். அம்மா விளக்குமாற்றைத் தூக்கிவிட்டாள். சித்தி மட்டும் அதைத் தூக்கி மடியில் வைத்து முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"அம்புட்டும் திங்கிது, ஆனா எலும்பு தட்டுப்படுது பாருக்கா. இது திமிரு இல்ல, சீக்கு."

மாட்டாஸ்பத்திரியில் ஆடுகளுக்கும் ஒரு சினைப் பசுவுக்கும் நடுவே, கட்டைப்பையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு துரையும் வரிசையில் நின்றது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், சுகர் என்றார். காலையில் ஒரு யூனிட், சாயங்காலம் ஒரு யூனிட், நடுவில் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். முதலில் சாப்பாடு, அப்புறம்தான் ஊசி. சாப்பிடாவிட்டால் ஊசி போடாமல் அவருக்குப் போன் செய்ய வேண்டும். பால்சோறு கூடாது, அவித்த கறி, மீன். தள்ளாடினாலோ மயங்கினாலோ ஈறில் சீனித்தண்ணீரைத் தடவிவிட்டு உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். சித்தி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

மருந்துக் கடைக்காரர் சீட்டை வாங்கிப் படித்தார். பெயர் துரை, வயது ஏழு. மேலே வேறு எதையும் அவர் பார்க்கவில்லை போலிருக்கிறது. "ஏழு வயசுலயேவாம்மா?" என்று கண் கலங்கிவிட்டார். சித்திக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாண்ணே" என்றாள். அவர் எனக்கு ஒரு தேன்மிட்டாயைக் கொடுத்து, "உனக்கு மட்டும்தான். தம்பிக்குக் குடுத்துறாத" என்றார். தெருமுனை வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்து, அங்கே மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்தோம். சித்தி அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலை ஏழும் மாலை ஏழும் பூஜை நேரம் மாதிரி ஆகிவிட்டது. ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைகளுக்குப் பக்கத்தில் மருந்துக் குப்பி. அதைக் குலுக்கக் கூடாது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்ட வேண்டும். துரை தின்று முடித்ததும் சித்தி அதன் பிடரித் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகுவாள். அம்மாவுக்கு ஊசியைக் கண்டாலே ஆகாது. அப்பாவுக்குப் பூ மார்க்கெட்டில் வேலை. விடிவதற்கு முன்னால் போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த வேலை முழுக்கச் சித்தியுடையது. ஒரு நாள் ஊசி போட்ட பிறகு துரை தின்றதையெல்லாம் கக்கிவிட்டுக் குடிகாரன் போலத் தள்ளாடியது. சீனித்தண்ணீரைத் தடவித் தடவி, ஆட்டோ பிடித்து, டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டிப் பிழைக்க வைத்தாள். "உன்னைய விட்டுட்டு நான் எங்குட்டுப் போவேன்" என்று வருகிற வழியெல்லாம் அதன் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கீரனூரிலிருந்து போன் வரும்போதும் அதையேதான் சொன்னாள். பூனைக்கு ரெண்டு வேளையும் ஊசி போடணும், போட வேற ஆளில்ல. அங்கே தூக்கிக்கொண்டும் போக முடியாது. சித்தப்பா வைத்திருந்தது கோழிப்பண்ணை.

எனக்கும் கற்றுக்கொடு என்று நான்தான் நச்சரித்தேன். சித்தி செய்வதையெல்லாம் நானும் செய்ய வேண்டும், அவ்வளவுதான். முதலில் வெறும் தண்ணீரை ஏற்றிக் கத்தரிக்காயில் குத்திப் பழகினேன். அன்றைய கத்தரிக்காய் வெஞ்சனம் சொதசொதவென்று இருந்ததாக அப்பா குறைப்பட்டுக்கொண்டார். பத்தே நாளில் சித்தி பக்கத்தில் நிற்க, நானே துரைக்குப் போட்டேன். "கை நடுங்கல புள்ள உனக்கு" என்று அவள் என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். இந்த விஷயம் எங்கள் இரண்டு பேருக்குள் இருந்தது. ஏனோ அம்மாவிடம் கூட அவள் சொல்லவில்லை.

ஐப்பசி வளர்பிறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலமாகக் கீரனூர்க்காரர்கள் பேச வந்தார்கள். சித்தப்பாவும் அவருடைய பெரியப்பாவும். தாம்பாளத்தில் பழம், பூ, எனக்கொரு பிஸ்கட் பொட்டலம். பெண்கள் அடுப்படியிலும் ஆண்கள் கூடத்திலுமாகப் பேச்சு நடந்தது. நான் இரண்டுக்கும் நடுவே, நிலைப்படியில் இருந்தேன்.

பெரியப்பாதான் பேசினார். "ஏனுங்க, எங்க பையன் குடிக்கறானுங்களா? கை நீட்டுனானுங்களா? ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, நானே செருப்பக் கழட்டறனுங்க."

அப்பா தரையைப் பார்த்தபடி, "அப்படியெல்லாம் எதுவும் சொல்லலீங்க" என்றார்.

"அப்பறம் என்னதான் கொறைங்க?"

அடுப்படியிலிருந்து சித்தியின் குரல் வந்தது. "பூனைக்கு ஊசி போடணும். வேற ஆள் இல்ல."

பெரியவர் சிரித்துவிட்டார். "பூனைக்குச் சுகருங்களா? எங்கயாச்சும் உண்டுங்களா? பொய் சொன்னாலும் பொருத்தமாச் சொல்ல வேண்டாமுங்களா?" என்றார். சித்தப்பா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து போகும்வரை அவர் குரலை நான் கேட்கவேயில்லை.

எனக்குக் காது சுட்டது. என் சித்தியைப் பொய்க்காரி என்கிறார்கள். அவள் சொல்வது நிஜம் என்று தெரிந்துவிட்டால் பேசாமல் எழுந்து போய்விடுவார்கள், சித்தி இங்கேயே இருந்துவிடுவாள். என் பதினோரு வயதுக் கணக்கு அப்படித்தான் போனது. மணி ஏழு. துரை அப்போதுதான் கறியைத் தின்று முடித்து, அத்தனை பெரிய மனிதர்களுக்கு நடுவிலும் அப்பாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. நான் ஃப்ரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்தேன். உள்ளங்கையில் உருட்டினேன். ஒரு யூனிட் ஏற்றினேன். எல்லாரும் பார்க்க, பிடரியைத் தூக்கிப் பிடித்து, கை நடுங்காமல் போட்டேன். போட்டுவிட்டு, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்பது போலப் பெரியவரைப் பார்த்தேன்.

அவர் குனிந்து என்னையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட சாமி, இந்தப் பாப்பாவே போடுதுங்களே" என்றார். "அப்பறம் என்னுங்க? பூனையப் பாப்பா பாத்துக்குது. நீ கெளம்பு கண்ணு."

கூடத்தில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. அப்பாவுக்கும்தான். காப்பித் தட்டோடு சித்தி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. தட்டை இறக்கி வைத்துவிட்டு, "நல்லாப் போட்டுட்ட புள்ள" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணி ஊசியை அவளே போட்டாள். நான் அவள் பையைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்து, அழுது, அடிவாங்கி, கடைசியில் நானே எடுத்துக் கொடுத்தேன். ஒட்டன்சத்திரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், பஸ் கிளம்பும்வரை ஊசியைப் பற்றியேதான் பேசினாள்.

அன்றிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு அம்மாவின் போன் அடிக்கும். சித்தி என்னைத்தான் கேட்பாள்.

"தின்னுச்சா?"

"தின்னுச்சு சித்தி."

"போட்டியா?"

"போட்டேன்."

கீரனூர் வீட்டில் அவள் போனை எடுத்தால் யாருக்கு, எதற்கு என்ற பார்வை வரும் என்றும், பூனை விஷயம் என்றால் மட்டும் பைத்தியம் என்று விட்டுவிடுவார்கள் என்றும் அம்மா அப்பாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். கேட்டேன், அவ்வளவுதான். வைக்கிறேன் என்று நான் சொன்னால், "செத்த நேரம் பேசு புள்ள" என்பாள். என்ன பேசுவது என்று கேட்பேன். "என்னத்தையாச்சும் பேசு. ஒரு புளுகு சொல்லு" என்பாள். படிக்கணும் சித்தி என்று வைத்துவிடுவேன். படிக்கப் போனதில்லை.

துரை அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தது. ஒரு சித்திரை மாதக் காலையில் சாப்பாட்டுக்கு எழுந்து வரவில்லை. போய்ப் பார்த்தால் நாற்காலியில் விறைத்துக் கிடந்தது. அப்பா மார்க்கெட்டிலிருந்து வந்து, பின்பக்கம் குழி வெட்டிப் புதைத்தார். நாற்காலி திரும்பக் கிடைத்தும் ரொம்ப நாள் அதில் அவர் உட்காரவில்லை. அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"தின்னுச்சா?"

இல்லை என்று சொன்னால் நாளைக்குப் போன் வராது. "தின்னுச்சு சித்தி" என்றேன்.

"போட்டியா?"

"போட்டேன்."

இப்படி மூன்று வாரம். எவ்வளவு தின்றது, எங்கே படுத்திருக்கிறது, எந்தப் பல்லியைத் துரத்தியது என்று ஒவ்வொரு நாளும் ஜோடித்துச் சொன்னேன். அவளும் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டாள். கடைசியில் எனக்குத்தான் பாரம் தாங்கவில்லை. நம்பிக் கேட்கிறவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நாள் அழுது, உண்மையைச் சொல்லிவிட்டேன். "சரி புள்ள. அழுகாத. நல்லாப் படி" என்று வைத்துவிட்டாள். பொய்யிலிருந்து தப்பித்த நிம்மதியில் அன்று நன்றாகத் தூங்கினேன். மறுநாள் ஏழு மணிக்குப் போன் வரவில்லை. அதற்கப்புறம் தீபாவளி, பொங்கலுக்குத்தான் பேச்சு.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது, அம்மாவோடு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னேன். சித்தியை மூன்று வாரம் ஏமாற்றிய கதை என்றுதான் ஆரம்பித்தேன்.

அம்மா அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். "எங்க ஏமாத்துன? அது செத்த அன்னைக்குக் காலையிலயே நான் அவகிட்டச் சொல்லிட்டேனே."

அப்படியென்றால் அந்த மூன்று வாரமும், இல்லை என்று தெரிந்த பூனையைப் பற்றித்தான் தினமும் தின்றதா, போட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூன்று வாரத்திலும் எத்தனையோ முறை, "செத்த நேரம் பேசு புள்ள" என்றாள். எனக்கு டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.